நண்பன் உடைத்த ஓடம்

நட்புக்குள் கணக்குப் பார்க்கலாகாது என்பது நம்மிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் சொல். கேட்பதற்கு இனிய சொல்தான். ஆயினும் அதனை யார் சொல்கிறார் என்பதைப் பொறுத்தே அதன் பொருள் அமைகிறது. பொருளை இழந்தவர் சொன்னால் அது ஈகை. இழப்பை உண்டாக்கியவர் சொன்னால் அது கடமையிலிருந்து நழுவுதல். இவ்வேறுபாட்டை ஓர் ஓடத்தை முன்வைத்து ஆராய்வோம்.

காஞ்சிபுரம் மாவட்டத்தில் உத்திரமேரூர்ப் பகுதியைச் சேர்ந்த காவாந்தண்டலம் கடலோர ஊர் அன்று. ஆற்று நீரையும் ஏரி நீரையும் நம்பி உழவு நடைபெறும் நாட்டுப்புறம் அது. இப்பக்கத்து ஏரிகளில் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின்னரே தண்ணீர் பெருகி நிற்கும். கோடை முற்றினால் வற்றத் தொடங்கிவிடும். இடைப்பட்ட மாதங்களிலேதான் ஏரி மீன்பிடிப்புக்கு வாய்ப்பு. அதற்கெனப் பரிசலோ சிறு ஓடமோ வைத்திருக்கும் ஏழைக்கு அது ஆண்டு முழுவதும் பயன் தரும் சொத்து அன்று; குறுகிய காலத்துக்குள் குடும்பத்துக்குச் சம்பாதித்துத் தரவேண்டிய கருவி.

அத்தகைய ஒருவர் தம் ஓடத்தை ஒருநாள் நண்பருக்கு இரவல் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். தமிழகத்து ஏரிகள் பலவற்றின் உட்பரப்பில் கருவேல மரங்கள் வளர்ந்துள்ளன. வெட்டப்பட்ட மரங்களின் அடிக்கட்டைகள் நீருக்குள் மறைந்து கிடப்பதுண்டு. நண்பர் செலுத்திய ஓடம் அப்படியொரு கட்டையில் மோதி, அடிப்பலகை பிளந்துவிடுகிறது. நண்பர் நீந்திக் கரையேறுகிறார். ஓடமும் கரைக்கு இழுத்து வரப்படுகிறது. இனிப் பலகை மாற்ற வேண்டும். தச்சருக்குக் கூலி தர வேண்டும். பழுது தீரும் வரை தொழில் இல்லை. இச்செலவு யாரைச் சாரும்?

பெரும்பாலும் இவ்விடத்தில் நடப்பது யாது? ஓடக்காரர் வாய்விட்டுக் கேட்கக் கூசுகிறார். கேட்டால் பணத்தாசை பிடித்தவர் என்று எண்ணுவாரோ என அஞ்சுகிறார். நண்பரோ, கேட்டால் கொடுப்போம், கேட்கவில்லையே என்று இருந்துவிடுகிறார். நாள்கள் செல்கின்றன. ஒருவர் மனத்தில் குறை வளர்கிறது. மற்றவர் மனத்தில் மறதி வளர்கிறது. சண்டை எதுவும் நிகழாமலே, தெருவில் கண்டால் பார்வையை விலக்கிக்கொள்ளும் நிலை வந்துவிடுகிறது. பழுதுபட்டது பலகை ஒன்றுதான், அழிந்துபோவது நட்பு.

நம் சட்ட மேதைகள் இக்கேள்வியை நுணுகி ஆராய்ந்துள்ளனர். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் வழியில், இரவல் பெற்ற பொருள் அழிந்தால் பெற்றவரே ஈடுசெய்யக் கடமைப்பட்டவர். அவர்மீது குற்றம் இருந்ததா இல்லையா என்று பார்ப்பதில்லை. இசைவளிக்கப்பட்ட பயன்பாட்டினால் இயல்பாக ஏற்படும் தேய்மானத்துக்கு மட்டுமே விலக்கு உண்டு. இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களின் வழியிலோ, இரவல் பொருள் பெற்றவர் கையில் அமானிதமாகவே இருக்கிறது. அவர் வரம்பு மீறியிருந்தாலோ கவனக்குறைவாக நடந்திருந்தாலோதான் ஈடு செய்ய வேண்டும். 1869 முதல் 1876 வரை உதுமானியப் பேரரசு தொகுத்த ‘மஜல்லா’ என்னும் சட்டத் தொகுப்பும் இரண்டாவது வழியையே பின்பற்றியது.

இவ்வேறுபாடு ஏட்டோடு நின்றுவிடுவதன்று. தமிழகத்தின் கடற்கரை ஊர்களில் வாழும் முஸ்லிம்கள் பலர் ஷாஃபிஈ வழியினர். உள்நாட்டு ஊர்களில் ஹனஃபி வழியினரே மிகுதி. ஆகவே ஒரே விபத்துக்குக் காயல்பட்டினத்தில் ஒரு தீர்ப்பும் உள்நாட்டு ஏரிக்கரையில் மற்றொரு தீர்ப்பும் கிடைக்கக்கூடும். நண்பர்கள் இருவர் இரு வழியினராகவும் இருக்கலாம். அவ்வாறாயின், நமக்கு வாய்ப்பான வழியை விபத்து நேர்ந்த பிறகு தேடிப் பிடிப்பது முறையாகுமா? கொடுக்கும்போதே பேசிக்கொள்வதன்றோ அறிவுடைமை?

நாட்டின் பொதுச் சட்டமும் இதனைக் கூறாமல் விடவில்லை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிறர் பொருளைக் கையில் வைத்திருப்பவர், அறிவுள்ள ஒருவர் தம் பொருளைக் காப்பது போன்ற கவனத்துடன் அதனைக் காக்க வேண்டும் என்கிறது. அவ்வளவு கவனம் காட்டியிருந்தால் இழப்புக்கு அவர் பொறுப்பாளி அல்லர். ஒப்புக்கொண்ட பயன்பாட்டை மீறி வேறு விதமாகப் பயன்படுத்தியிருந்தாலோ, அதனால் விளையும் கேட்டுக்கு அவரே ஈடு செய்ய வேண்டும். பொருளைக் கொடுத்தவருக்கும் அச்சட்டம் ஒரு கடமையை விதிக்கிறது. தம் பொருளில் உள்ள, தமக்குத் தெரிந்த குறையை அவர் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

ஆகவே சட்டம் என்னும் துலாக்கோல் நம்மிடம் இருக்கிறது. ஆனால் துலாக்கோல் பொருளை நிறுக்குமேயன்றி, நட்பைக் காக்காது. நட்பைக் காப்பது வேறொன்று. அதற்கான முன்மாதிரியை நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்விலே காண்கிறோம்.

ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 630இல், மக்கா வெற்றிக்குப் பின் ஹுனைன் போருக்கு முன்பாகப் பெருமானார் (ஸல்) அவர்கள் சஃப்வான் இப்னு உமையா என்பவரிடம் போர்க்கவசங்களைக் கேட்டார்கள். சஃப்வான் அப்போது இஸ்லாத்தைத் தழுவியிருக்கவில்லை. வென்றவர் கேட்கிறார், தோற்ற ஊரின் செல்வர் கேட்கப்படுகிறார். இது பறிமுதலா என்று சஃப்வான் வினவினார். இல்லை, ஈட்டுப் பொறுப்புடன் கூடிய இரவல் என்று பெருமானார் (ஸல்) விடையளித்தார்கள். பின்னர் அக்கவசங்களுள் சில காணாமற்போயின. ஈடு தருவதாகப் பெருமானார் (ஸல்) அவர்களே முன்வந்து சொன்னார்கள். அன்று தம் உள்ளத்தில் இல்லாத ஒன்று இன்று இருக்கிறது என்று கூறி, சஃப்வான் அதனை வேண்டாமென்றார்.

இந்நிகழ்ச்சியின் ஒழுங்கைக் கவனிக்க வேண்டும். பொறுப்பு முதலில் பேசப்பட்டது. இழப்பு நேர்ந்ததும், பெற்றவரே ஈடு தர முன்வந்தார். அதன் பின்னரே விட்டுக்கொடுத்தல் நிகழ்ந்தது; அதுவும் கொடுத்தவரின் வாயிலிருந்து, அவர் மனம் மலர்ந்து வந்தது. அதிகாரம் கையில் இருந்தும் பெருமானார் (ஸல்) அவர்கள் அவருடைய பெருந்தன்மையைத் தாமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. ஈடு தர முன்வந்ததனால்தான் சஃப்வானுக்குப் பெருந்தன்மை காட்டும் வாய்ப்பே கிடைத்தது. கடனை மறுப்பவர் கொடுத்தவரின் பணத்தை மட்டும் பறிப்பதில்லை. மன்னிக்கும் உரிமையையும் சேர்த்துப் பறித்துவிடுகிறார்.

இல்லறத்திலும் இதே நெறிதான் நின்றது. பெருமானார் (ஸல்) ஒரு துணைவியாரின் இல்லத்தில் இருந்தபோது, மற்றொரு துணைவியார் ஒரு தட்டில் உணவு அனுப்பினார். வீட்டிலிருந்த துணைவியார் தட்டிவிட, தட்டு உடைந்தது. பெருமானார் (ஸல்) உடைந்த துண்டுகளைத் தம் கையாலேயே சேர்த்தார்கள். அச்செயல் மனத்தாங்கலால் நேர்ந்தது என்று உடனிருந்தோருக்கு எடுத்துரைத்தார்கள். அத்துடன் நின்றுவிடாமல், உடையாத தட்டு ஒன்றை அனுப்பியவருக்குக் கொடுத்தனுப்பி, உடைந்ததை உடைத்தவர் வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். கனிவு ஈட்டைத் தள்ளிவிடவில்லை. ஈடு கனிவைக் குறைக்கவுமில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். மரக்கட்டை நீருக்குள் இருந்தது இறைவனின் நாட்டம். அதில் மோதியதும் அவன் நாட்டம். இதில் நண்பர் என்ன செய்வார் என்று சிலர் கேட்பர். இதற்கு விடை காணத் திருமறையின் ‘கஹ்ஃப்’ அத்தியாயம் நம்மை ஓர் ஓடத்தினிடமே அழைத்துச் செல்கிறது.

மூஸா (அலை) அவர்களும், இறைவனிடமிருந்து தனியறிவு பெற்ற ஹிள்ரு (அலை) அவர்களும் ஓர் ஓடத்தில் ஏறுகின்றனர். ஹிள்ரு (அலை) அதனைத் துளையிட்டுப் பழுதாக்குகிறார்கள். ஓடக்காரர்கள் கூலி வாங்காமல் ஏற்றிச் சென்றவர்கள் என்று நபிமொழி கூறுகிறது. அன்பு காட்டியவரின் ஓடத்தையா உடைப்பது என்று மூஸா (அலை) பொறுக்கமாட்டாமல் கேட்கிறார்கள். பின்னர்தான் காரணம் விளங்குகிறது. அது கடலில் உழைத்துப் பிழைக்கும் ஏழைகளின் ஓடம். நல்ல ஓடங்களையெல்லாம் பறித்துக்கொள்ளும் மன்னன் ஒருவன் இருந்தான். பழுதான ஓடம் அவன் கைக்குத் தப்பியது. கடலில் ஓடம் வைத்திருந்தவர்களையும் திருமறை ஏழைகள் என்றே குறிக்கிறது. பிழைப்புக் கருவி ஒன்று இருப்பதனால் ஒருவர் இழப்பைத் தாங்கும் வசதியுடையவர் ஆகிவிடுவதில்லை என்பதை ஓடம் இரவல் வாங்குவோர் நினைவில் கொள்ள வேண்டும்.

இவ்வரலாற்றில் மற்றொரு நுட்பத்தை விரிவுரையாளர்கள் எடுத்துக்காட்டுவர். அனாதைச் சிறுவர்களின் சுவரை நிமிர்த்தியதைப் பற்றிப் பேசும்போது, அது இறைவன் நாடியது என்கிறார்கள் ஹிள்ரு (அலை). ஓடத்தைப் பழுதாக்கியதைப் பற்றிப் பேசும்போதோ, நானே அதனைப் பழுதாக்க நாடினேன் என்கிறார்கள். தாமாக எதையும் செய்யவில்லை என்று இறுதியில் அறிவித்த அவர்களே, பழுது என்னும் சொல்லை இறைவனோடு சேர்க்காமல் தம்மோடு சேர்த்துக்கொள்கிறார்கள். இறைக்கட்டளைப்படி நடந்தவர்களே இத்தகைய ஒழுக்கம் காத்திருக்க, கவனமின்றித் துடுப்பு வலித்த நாம் விதியின் பின்னே ஒளிந்துகொள்ளலாமா? இறைநாட்டம் என்னும் சொல் பொருளை இழந்தவருக்கு ஆறுதல். அதனை உடைத்தவர் தமக்குக் கேடயமாக எடுத்துக்கொள்வது தகாது.

பொறுப்பை ஏற்றபின், ஈடு செய்யும் முறை யாது? பணம் ஒன்றே வழியன்று. ஒருவரின் ஆடுகள் மற்றொருவரின் பயிரை மேய்ந்துவிட்ட வழக்கு தாவூது (அலை), சுலைமான் (அலை) ஆகியோர் முன் வந்ததைத் திருமறை குறிப்பிடுகிறது. ஆடுகளையே நிலத்துக்காரருக்குக் கொடுத்துவிடும்படி தந்தையார் தீர்ப்பளித்தார் என்பர் விரிவுரையாளர்கள். மைந்தரோ, ஆட்டுக்காரர் நிலத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் வரை உழைக்கட்டும். அதுவரை ஆடுகளின் பாலையும் உரோமத்தையும் நிலத்துக்காரர் பயன்படுத்திக்கொள்ளட்டும். பின்னர் அவரவர் உடைமை அவரவருக்குத் திரும்பட்டும் என்றார். இத்தீர்ப்பில் நிலமும் சீரடைந்தது, இடைக்கால இழப்பும் ஈடாயிற்று, ஆட்டுக்காரரும் அழிந்துபோகவில்லை.

நம் ஓடத்துக்கும் இது பொருந்தும். பணமுள்ள நண்பர் பலகை விலையையும் தச்சுக் கூலியையும் தரட்டும். பணமில்லாதவர் தச்சருக்குக் கையாளாக நிற்கட்டும். பழுது தீரும் வரை ஓடக்காரருக்குத் தொழில் இல்லை என்பதையும் மறந்துவிடலாகாது. அந்நாள்களுக்கு வேறோர் ஓடத்தை ஏற்பாடு செய்து தரலாம். தம் வருவாயில் ஒரு பங்கு தரலாம். எதுவும் இயலாதவருக்குத் தவணை உண்டு. நெருக்கடியில் இருக்கும் கடனாளிக்கு வசதி வரும் வரை அவகாசம் தரவும், தள்ளுபடி செய்தால் அது இன்னும் சிறந்தது என்று அறியவும் திருமறையின் ‘பகரா’ அத்தியாயம் கற்பிக்கிறது.

ஓடக்காரருக்கும் கடமைகள் உள்ளன. பலகை முன்பே உளுத்திருந்தால், அதனைச் சொல்லாமல் கொடுத்தவர் முழுச் செலவையும் கேட்பது நேர்மையன்று. கட்டை எங்கே கிடக்கிறது என்பது நாள்தோறும் ஏரியில் இறங்குபவருக்குத் தெரியும், புதியவருக்குத் தெரியாது. எச்சரிக்காத குற்றம் அவருடையது என்றால், செலவில் ஒரு பகுதியை அவர் ஏற்பதே தகும். ஒரு பலகை உடைந்ததற்காகப் பழைய ஓடம் முழுவதையும் புதிதாக்கிக்கொள்ள முயல்வதும் கூடாது. இழந்ததை மட்டுமே கேட்பது நீதி. அதற்கு மேல் கேட்பது நண்பரின் கூச்சத்தை வைத்து வாணிகம் செய்வதாகும். மேலும், மனம் ஒப்பாமல் ‘பரவாயில்லை’ என்று கூறிவிட்டுப் பின்னர் ஊரெங்கும் குறை சொல்லித் திரிவது விட்டுக்கொடுத்தலாகாது. கொடுக்க மனமிருந்தால் முழுமையாக விட்டுவிட வேண்டும். இல்லையேல் வெளிப்படையாகக் கேட்டுவிட வேண்டும்.

காவாந்தண்டலத்துக்குத் தொலைவில் இல்லாத உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்டவை இன்றும் உள்ளன. குடவோலை முறையை விளக்கும் அவற்றில் ஏரி வாரியமும் இடம்பெறுகிறது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர்கள் மட்டுமன்றி, அவர்களுடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படும் தகுதியை இழப்பர் என்று அக்கல்வெட்டு விதிக்கிறது. ஊர்ப்பொருளைக் கையில் வைத்திருந்தவர் கணக்குச் சொல்லியே தீரவேண்டும் என்பதில் அவ்வூரார் அத்துணை உறுதியாக இருந்தனர். ஊர்ப்பொருளுக்கு ஒத்த நியாயம் நண்பரின் பொருளுக்கு ஒவ்வாமற்போகுமா?

அடியார்க்கு அடியார் செலுத்தவேண்டிய உரிமையை ‘ஹக்குல் இபாத்’ என்கிறோம். கடன்பட்டு இறந்த ஒருவரின் ஜனாஸா கொண்டுவரப்பட்டபோது, சில தீனார் கடனை அபூ கதாதா (ரலி) ஏற்கும் வரை பெருமானார் (ஸல்) தொழுவிக்க முன்வரவில்லை. இன்றும் நம் ஊர்களில் மையித்தை எடுப்பதற்கு முன், இவர் யாருக்கேனும் கொடுக்கவேண்டியது இருந்தால் எங்களிடம் கேளுங்கள் என்று வாரிசுகள் அறிவிப்பதைக் காண்கிறோம். மகன் கூட்டத்தின் நடுவே நின்று கேட்கவேண்டிய கேள்வியை, தந்தை ஏரிக்கரையிலேயே நண்பரிடம் கேட்டிருக்கலாம். ஓடத்தை இழுத்து வந்த அன்றே, ஈரம் காயுமுன், “இது என் கையில் இருந்தபோது உடைந்தது, சரிசெய்ய என்ன ஆகும்?” என்று கேட்டிருந்தால் போதும். அதற்கு ஓடக்காரர் ஒரு தொகையைச் சொல்லலாம். பாதி போதும் என்றும் சொல்லலாம். ஒன்றும் வேண்டாம் என்றும் சொல்லலாம். எதைச் சொல்வது என்பது அவருடைய உரிமை. கேட்பது மட்டும் உடைத்தவரின் கடமை.