ஒரே வீட்டில் இரண்டு கட்சி

2024 மே 18, சனிக்கிழமை. நள்ளிரவை ஒட்டிய நேரத்தில் சின்னசாமி மைதானத்தில் கடைசிப் பந்து விழுந்தது. ஈஜிபுராவில் எங்கள் சந்து முழுக்கப் பட்டாசு. அப்பா நாற்காலியை விட்டு எழுந்தார், லுங்கியை இறுக்கிக் கட்டினார், என் பக்கம் வந்து வலது கையை நீட்டினார். நானும் நீட்டினேன். ஒருமுறை அழுத்திக் குலுக்கிவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

நடந்தது அவ்வளவுதான். ஆனால் அந்தக் கைகுலுக்கல் இன்றுவரை என்னை விடவில்லை. அப்பா என் நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் பார்த்திருக்கிறார். தலையில் குட்டியிருக்கிறார். ரோடு தாண்டும்போது மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்கிறார். கை குலுக்கியது மட்டும் கிடையாது. நான் கல்லூரி முடித்தபோதும் இல்லை, முதல் சம்பளம் வாங்கி வந்தபோதும் இல்லை. பெற்ற மகளுக்கு ஏன் அன்று கை கொடுத்தார்?

ஐபிஎல் கிரிக்கெட் என்றால் எங்கள் வீட்டில் அவர் சென்னை சூப்பர் கிங்ஸ், நான் பெங்களூரு. ஈஜிபுராவில் இது ஒன்றும் அதிசயமில்லை. தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே மளிகைக் கடை வாசலில் நிற்கும் இடம் இது. அப்பாவுக்குத் தோனி மேல் ஒரு தனிப் பிரியம். கரக்பூரில் ரயில்வே டிக்கெட் பரிசோதகராக இருந்து வந்தவர் தோனி என்பது அதற்கு முக்கியமான காரணம். எனக்கு இந்த ஊர் அணி. பள்ளியில் கன்னடம் கற்று, இந்த ஊர்ப் பிள்ளைகளோடு வளர்ந்தவளுக்கு வேறு அணி தோன்றவில்லை.

அந்த வருடம் பெங்களூரு ஆடியதை நினைவிருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதல் எட்டு ஆட்டத்தில் ஒரே ஒரு வெற்றி. ஏப்ரல் 15 அன்று ஹைதராபாத் நம் மைதானத்திலேயே 287 அடித்துவிட்டுப் போனது. ஏப்ரல் 21 அன்று ஈடன் கார்டனில் கொல்கத்தாவின் 222 ரன்னைத் துரத்தியபோது கடைசி ஓவரில் 21 ரன் வேண்டியிருந்தது. ஸ்டார்க்கின் பந்துகளைக் கரண் சர்மா மூன்று முறை சிக்ஸருக்கு அனுப்பினார். அப்படியும் ஒரு ரன்னில் தோற்றார்கள். பட்டியலில் கடைசி இடம். அதற்குப் பிறகு ஹைதராபாத்தை ஹைதராபாத்திலேயே வென்றார்கள். குஜராத்தை இரண்டு முறை, தர்மசாலாவில் பஞ்சாபை, இங்கே டெல்லியை. வரிசையாக ஐந்து வெற்றி. ஆறாவதாக மிச்சமிருந்தது சென்னை.

ஏப்ரல் கடைசியிலிருந்தே நான் பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் கூட்டல் கழித்தல் போட ஆரம்பித்துவிட்டேன். யார் யாரிடம் தோற்றால் நமக்கு வழி பிறக்கும், ரன் ரேட் எவ்வளவு ஏற வேண்டும் என்று. அப்பா ஒருநாள் அதை எட்டிப் பார்த்தார். "கணக்குப் போட்டா கதவு தொறக்குமாம்மா?" என்று கேட்டுவிட்டு பேப்பருக்குத் திரும்பிவிட்டார்.

அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அப்பா கோலார் தங்கவயல்காரர். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் பூமிக்கு அடியில் வேலை பார்த்தவர். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போகும் சுரங்கம் அது. ஒரு டன் பாறையில் கிடைக்கும் தங்கம் குறைந்துகொண்டே வந்தது, எடுக்கும் செலவோ கூடிக்கொண்டே போனது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தை மூடினார்கள். மூடிய பிறகும் எங்கள் லைனில் யாரும் அதை நம்பவில்லை. தினமும் காலையில் பேப்பர் வந்ததும் ஆண்கள் முதலில் பார்ப்பது தங்கத்தின் விலையை. கிராமுக்கு இவ்வளவு ஏறினால் சுரங்கம் கட்டுப்படியாகும், இவ்வளவு ஏறினால் திறந்தே ஆக வேண்டும் என்று சிலேட்டிலும் சிகரெட் அட்டையிலும் கணக்குப் போடுவார்கள். ஒவ்வொரு தேர்தலிலும் யாராவது திறப்போம் என்று சொல்வார்கள். விலை அவர்கள் போட்ட கணக்கையெல்லாம் தாண்டி எங்கேயோ போனது. சுரங்கம் திறக்கவில்லை. கணக்கு எழுதிய மனிதர்கள் மாரிக்குப்பத்திலிருந்து காலை ரயில் பிடித்து பெங்களூருக்குக் கூலி வேலைக்குப் போனார்கள். அப்பா கோரமங்கலாவில் ஓர் அடுக்குமாடியில் செக்யூரிட்டி வேலைக்குச் சேர்ந்து எங்களை ஈஜிபுராவுக்கு அழைத்து வந்தார்.

ஆக, கணக்கை வைத்து நம்புவது என்றால் என்ன, அது எங்கே கொண்டு விடும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. நான் நோட்டில் எழுதியதைப் பார்த்தபோது அவர் கிரிக்கெட்டை நினைத்திருக்க மாட்டார்.

கடைசிக் கட்டத்தில் எழுந்து வரும் அணியைப் பின்தொடர்வதில் எனக்கு உறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. தன் அணி ஜெயித்தால் மட்டும் போதாது, முன்னால் இருப்பவர்கள் விழ வேண்டும். அந்த வாரம் செவ்வாய்க்கிழமை டெல்லி லக்னோவைத் தோற்கடித்தபோது எங்கள் சந்தில் கைதட்டல் கேட்டது. டெல்லி மேல் யாருக்கும் அன்பில்லை, லக்னோ மேல் பகையும் இல்லை. லக்னோ தோற்றால் நமக்கு வழி கிடைக்கும், அவ்வளவே. வேலையிலும் இப்படித்தான் நடக்கிறது, வீட்டு வாடகையிலும் இப்படித்தான். ஒருவர் காலி செய்தால்தான் இன்னொருவருக்கு இடம். முகம் தெரியாதவர் விழும்போது மனம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் அந்தச் சனிக்கிழமை நான் மேலே போக வேண்டுமானால் விழ வேண்டியவர் அடுத்த நாற்காலியில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

அன்று ஒரே ஆட்டத்துக்குள் இரண்டு ஆட்டம் நடந்தது. சென்னையிடம் 14 புள்ளி இருந்தது, பெங்களூருவிடம் 12. பெங்களூரு ஜெயித்தால் இருவரும் சமம், பிறகு ரன் ரேட் பேசும். பெங்களூரு 218 எடுத்தது. சென்னை வெற்றி பெற 219 வேண்டும். ஆனால் 201 எடுத்தால் தோற்றும்கூட சென்னைதான் அடுத்த சுற்றுக்குப் போகும். பெங்களூரு குறைந்தது 18 ரன் வித்தியாசத்தில் ஜெயிக்க வேண்டும். அம்மாவுக்கு இது விளங்கவே இல்லை. "தோத்தாலும் போவாங்களா? ஜெயிச்சாலும் போக மாட்டாங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அப்பாதான் பொறுமையாக விளக்கினார். 17 ரன் வரைக்கும் தோற்கலாம் என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு நிதானம் இருந்தது. எவ்வளவு வரை இழந்தால் தாங்கலாம் என்று வாழ்நாள் முழுக்க எண்ணிப் பார்த்தவரின் நிதானம் என்று எனக்குப் பட்டது.

கடைசி ஓவருக்கு யஷ் தயாள் வந்தார். வெற்றிக்கு 35, தகுதி பெற 17. முந்தைய வருடம் ஏப்ரல் 9 அன்று அகமதாபாத்தில் குஜராத்துக்காகக் கடைசி ஓவர் போட்டு, ரிங்கு சிங்கிடம் ஐந்து பந்தில் ஐந்து சிக்ஸர் வாங்கியவர். முதல் பந்தைத் தோனி 110 மீட்டர் தூக்கி அடித்தார். பந்து மைதானத்துக்கு வெளியே போய்விட்டது.

எங்கள் டிவிக்கு இன்டர்நெட் வழியாகப் படம் வரும், எதிர்வீட்டில் கேபிள். ஒவ்வொரு பந்தும் அவர்களுக்கு முதலில் விழும், சத்தம் எங்களுக்கு முன்னால் வந்துவிடும். மற்ற நாளில் அந்தச் சத்தத்தை வைத்தே சிக்ஸரா விக்கெட்டா என்று சொல்லிவிடலாம். அன்று சொல்ல முடியவில்லை. சந்தில் பாதிப் பேர் மஞ்சள், பாதிப் பேர் சிவப்பு. எது நடந்தாலும் யாரோ கத்தினார்கள். இரண்டாவது பந்துக்குப் பெரிய கூச்சல் எழுந்தது. அது யாருடைய கூச்சல் என்று தெரியாமல் நானும் அப்பாவும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தயாள் மெதுவாக வீசிய பந்தைத் தோனி தூக்கினார், எல்லையில் ஸ்வப்னில் சிங் பிடித்தார். மிச்சம் நான்கு பந்தில் ஒரே ரன். சென்னை 191. பெங்களூரு 27 ரன்னில் ஜெயித்தது.

தோனி அடித்த சிக்ஸரில் பழைய ஈரப் பந்து தொலைந்து, கையில் பிடிக்க வாகான வேறு பந்து கிடைத்ததுதான் நல்லதாகப் போயிற்று என்று பெங்களூரு ஓய்வறையில் தினேஷ் கார்த்திக் சொன்னார். அப்பாவின் அணிக்கு அந்த இரவில் கிடைத்த மிகப் பெரிய அடியே அதன் தோல்விக்கு வழி செய்தது. இதைப் பிறகு ஒருநாள் அப்பாவிடம் சொன்னேன். தலையை ஆட்டினார், ஒன்றும் சொல்லவில்லை.

மைதானத்தில் அன்று கைகுலுக்கல் சரியாக நடக்கவில்லை என்று ஒரு வாரம் பேசினார்கள். தோனி வரிசையின் முன்னால் நின்றார், பெங்களூரு ஆட்டக்காரர்கள் கொண்டாட்டத்தில் இருந்தார்கள், அவர் திரும்பிப் போய்விட்டார். யார் மேல் தப்பு என்று ஆளுக்கு ஒரு பக்கம் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அந்த வாதத்தில் மனம் செல்லவில்லை. அங்கே நடக்காதது எங்கள் வீட்டில் நடந்திருந்தது, எனக்கு அதன் பொருள்தான் வேண்டியிருந்தது.

தங்கவயலில் சின்ன வயதில் அப்பாவோடு கால்பந்து பார்க்கப் போயிருக்கிறேன். சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டிலிருந்து வெள்ளைத் தூசி பறக்கும். ஆட்டம் முடிந்ததும் தோற்ற அணி முதலில் வரிசையாக வந்து கை கொடுக்கும். மறுநாள் காலை அதே ஆட்கள் ஒரே கூண்டில் நெருக்கி நின்று கீழே இறங்க வேண்டும். மேலே இருக்கும்போது எந்த மனக்கசப்பும் மிச்சம் வைக்கக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். ஒருவேளை அப்பா அந்தப் பழக்கத்தில்தான் கை நீட்டினாரோ என்று சில நாள் நினைக்கிறேன். வேறு சில நாள், மகளுக்கு இந்த ஊர் சொந்தமாகிவிட்டது என்பதை ஏற்றுக்கொண்ட கை அது என்று தோன்றுகிறது. அப்படியானால் அதில் கொஞ்சம் விடைகொடுத்தலும் இருக்கிறது. அதை நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

பள்ளியில் படித்த புறநானூற்றுப் பாட்டு ஒன்று அரைகுறையாக நினைவுக்கு வருகிறது. சோழர் குடியிலேயே நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் உறையூரில் மோதி நின்றபோது கோவூர் கிழார் பாடியது. இருவரும் அணிந்திருப்பது ஆத்திமாலைதான், யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடியே, இருவரும் ஒருசேர ஜெயிக்கவும் முடியாது, ஆகவே இந்தப் போர் வேண்டாம் என்பது அதன் கருத்து. எங்கள் வீட்டில் மாலை வேறு வேறு, குடி ஒன்று. அன்றைய அணிகளைப் பார்த்தாலோ அதுவும் குழம்புகிறது. சிவப்பில் தமிழ்நாட்டுக் கார்த்திக், மஞ்சளில் ராஞ்சித் தோனி, முன்பு மஞ்சளில் ஆடிய டூ பிளெசி அப்போது சிவப்புக்குத் தலைவர். கோவூர் கிழார் சொன்னபடி விலகிக்கொள்வதுதான் சரியா? ஆட்டத்தைப் பார்க்காமலே இருந்தால் வீட்டில் யாரும் தோற்க மாட்டார்கள். ஆனால் பார்க்காத வீட்டில் அந்தக் கையும் நீண்டிருக்காது.

அந்த ஆட்டம் முடிந்த நான்கு நாளில், மே 22 அன்று, அகமதாபாத்தில் ராஜஸ்தானிடம் தோற்று பெங்களூரு வெளியேறியது. அடுத்த மாதம், தங்கவயலின் கழிவு மேடுகளில் மீண்டும் தங்கம் எடுக்கும் மத்திய அரசுத் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அப்பா அந்தச் செய்தியைப் படித்தார். கணக்கு எதுவும் போடவில்லை.

மறுவருடம் 2025 ஜூன் 3 அன்று, பதினெட்டாவது தொடரில், பெங்களூரு முதல்முறையாகக் கோப்பையை வென்றது. மறுநாள் சின்னசாமி வாசலில் நெரிசலில் 11 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் இளம் வயது. அணிக்காக எதுவும் செய்ய முடியாதவர்கள், பக்கத்தில் போய் நின்றாலே போதும் என்று போனவர்கள். நானும் அவர்களைப் போல நம்பிக் காத்திருந்தவள்தான். அன்று சாயங்காலம் அப்பா என்னை விடாமல் போனில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நான் ஆபீசில் இருக்கிறேன் என்று சொன்ன பிறகும் மறுபடி கூப்பிட்டார்.

இப்படி நம்புவது நல்லதா என்று கேட்டால் எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. தங்கவயலில் அது மனிதர்களை வருடக்கணக்கில் ஏமாற்றியது. 2024-இல் ஆறு ஆட்டத்துக்கு அது பலித்தது. இரண்டிலும் நம்பியவர்கள் போட்ட கணக்கு ஒரே மாதிரிக் கணக்குதான். எங்கே நிறுத்துவது என்பது யாருக்கும் முன்கூட்டித் தெரிவதில்லை. ஆனால் ஜெயித்த அன்றைக்கு என்ன செய்வது என்பது நம் கையில் இருக்கிறது. உங்கள் வீட்டிலும் இரண்டு கட்சி இருந்தால், பட்டாசைப் பற்ற வைக்கும் முன் தோற்றவர் சாப்பிட்டாரா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.