நடும் நாளிலிருந்து எண்ணுவோம்

முதன்முதலாக வீட்டுத்தோட்டம் செய்ய வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றைத்தான்: "எப்ப விதை போடலாம், சொல்லுங்கோ." அதற்கு நான் "எப்ப நடப்போறீங்கள்?" என்றுதான் கேட்பேன். விதை போடும் நாள் நடும் நாளுக்குள் அடங்கியிருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறில்லை. ஐப்பசியில் தொடங்கி மார்கழிவரை பெய்யும் மாரிமழைதான் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி எங்கள் கிணறுகளைத் தேற்றுகிறது. ஆனால் அந்த மழை இளம் நாற்றுக்கு ஆகாது. மண்ணில் தண்ணீர் தேங்கினால் பூஞ்சணம் பற்றி, தண்டு அடியில் அழுகிச் சாய்ந்துவிடும். அதனால் கிடுகுப் பந்தலின் கீழ் உயர்த்திய மேடையிலோ, விறாந்தை ஓரத்தில் வெளிச்சம் படும் தட்டிலோ நாற்றை வளர்த்து, மழை ஓய்ந்தபின் செம்பாட்டு மண்ணில் நடுகிறோம். மார்கழி நடுவில் நிலம் தயாராகும் என்று வைத்தால் அங்கிருந்து பின்னோக்கி எண்ணலாம். மிளகாய்க்கும் கத்தரிக்கும் ஏறத்தாழ ஐந்து வாரம். ஆகவே கார்த்திகை முற்பகுதி. தக்காளிக்கு மூன்று, நான்கு வாரம் போதும். கார்த்திகை இருபதளவில் போடலாம். வெண்டி, பயற்றை, கரட் போன்றவற்றை விதைத்த இடத்திலேயே வளரவிடுவது நல்லது.

ரொறன்ரோவில் இருக்கும் எங்கள் சனங்களும் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள். அங்கே மழைக்குப் பதில் உறைபனி. மே மாத நடுப்பகுதிக்குப் பிறகே கன்றை வெளியில் நம்பி வைக்கலாம். எட்டு, பத்து வாரம் பின்னால் போனால் மார்ச். மிளகாயும் கத்தரியும் யன்னலோரத்தில் முளைக்கத் தொடங்கும் காலம் அதுதான். வானம் வேறு, எண்ணும் முறை ஒன்று.

பிந்தினால் பருவம் போய்விடும் என்பது எல்லோருக்கும் தெரியும். முந்தினாலும் இழப்பு உண்டு என்பதை மனம் எளிதில் ஏற்பதில்லை. தட்டிலேயே நாள் கடந்த தக்காளி நாற்று நெடுத்து மெலியும்; வேர் சுருண்டு இறுகும்; சிலவேளை அங்கேயே பூத்தும்விடும். நட்டபிறகு மண்ணைப் பிடிக்கச் சோம்பும். ஆயத்தத்துக்கும் ஒரு வயது இருக்கிறது. படிப்பு, வெளிநாட்டுப் பயணம், புதிய தொழில் என்று எதற்கும் முந்திக்கொள்வதையே நாங்கள் கெட்டித்தனமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். போய்ச் சேரும் நிலம் எப்போது ஏற்கும் என்று கேட்கச் சொல்லிக்கொடுப்பதில்லை. ஆவல் எங்களுடையது, தவணை நிலத்தினுடையது.

அந்தத் தவணையும் பொய்க்கும் என்பதை இந்த மண் அறியும். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி போரால் யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதி இடம்பெயர்ந்தது. ஐப்பசி மாதம், மாரிப்பயிருக்கு மண் பண்படுத்தும் காலம். சனங்கள் கையில் எடுத்ததோடு செம்மணி வெளி தாண்டித் தென்மராட்சிக்கு நடந்தார்கள். அந்த ஆண்டுக்குப் போட்ட கணக்கெல்லாம் தோட்டங்களோடு பின்னால் நின்றுவிட்டது. 1996இல் திரும்பியவர்கள் கிணறு இறைத்து, காடு பத்திய நிலத்தைத் திருத்தி, அடுத்த மாரிக்கு மறுபடி நாள் எண்ணினார்கள். எண்ணியபடி நடக்கும் என்ற உறுதி யார் தந்தது? ஒருவரும் தரவில்லை. உறுதி வரும்வரை காத்திருந்தால் விதைக்கும் நாளே வராது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஆகவே புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது: நடும் நாளைக் குறியுங்கள், வாரங்களைக் கழியுங்கள், கிடைத்த நாளில் பயமின்றி விதையுங்கள். ஆனால் கையிலுள்ளதில் பாதியை மட்டும் போடுங்கள். மற்றப் பாதியைப் பத்து நாள் கழித்துப் போடுங்கள். முதற்பாதி உங்கள் கணக்குக்கு. மற்றது வானத்தின் கணக்குக்கு.