குலப்பற்றின் எல்லை

தன் கூட்டத்தாரிடம் பற்று வைத்தல் நற்குணமா? ஆம் என்றே பலரும் விடையிறுப்பர். தங்காக் பக்கத்துத் தோட்டமொன்றில் கிராணியாயுள்ள யானும் அதனை முற்றும் மறுக்கேன். கங்காணிமார் உறவும் சாதியும் பார்த்து ஆள் சேர்த்த காலத்தில், கடல் கடந்து வந்தவனுக்கு நோயிற் கஞ்சியும் சாவிற் பாடைக்குத் தோளும் தந்தது அக்கூட்டமே. ஆயின், தந்த கூட்டம் கணக்கும் வைத்திருந்தது. பிள்ளைகளின் மணத்திலன்றோ அது வட்டி கேட்கிறது!

இக்கணக்கு தமிழர்க்கு மட்டும் உரியதன்று. சூடான் நாட்டுத் தாயிப் சாலிஹ் 1966-இல் அரபு மொழியில் வெளியிட்ட நாவலொன்றின் தலைப்பு, ‘வடக்கே வலசை போகும் பருவம்’ எனப் பொருள்படும். அதில் ஹுஸ்னா என்னும் கைம்பெண்ணை, அவள் மறுத்தும், கிழவனொருவனுக்குக் கட்டிவைக்கின்றனர். அவள் அவனைக் கொன்று தானும் மாள்கிறாள். ஊரார் பலரும் அவளையே பழிக்கின்றனர். கதை சொல்வோனோ படித்தவன். அவளை உள்ளூர விரும்பியவன். ஆயினும் அவளைக் காக்க முன்வந்தானில்லை.

இமையத்தின் ‘பெத்தவன்’ (2012) கதையில், பிற சாதியானை விரும்பிய மகளைக் கொல்லும்படி தந்தைக்கு ஊர் கட்டளையிடுகிறது. அவன் மகளைத் தப்பவிட்டுத் தான் நஞ்சுண்டு மடிகிறான்.

இவ்விருவருள் யான் யார்? எங்கள் லயத்தில் ஒரு மணப்பேச்சு சாதி கேட்டு முறிந்தபோது யானும் அங்கிருந்தேன். ஆங்கிலப் பள்ளியிற் பயின்ற நா அன்று அசையவில்லை. கொடியவரால் மட்டுமா குலம் ஆள்கிறது? நல்லவர் வாய்மூடியிருத்தலாலும் ஆள்கிறது.

நன்றிக்கடனாக என் உழைப்பைக் கேட்கலாம், பொருளையும் கேட்கலாம். பிறருடைய வாழ்வை என் கையாற் பறித்துத் தரக் கேட்டல் முறையன்று. அங்ஙனம் கேட்குமாயின், மறுப்பதே அக்கூட்டத்துக்கு யாம் செய்யும் நன்றியாகும்.