மூக்கு உள்ளவர்

ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில், தொழிற்சாலைப் பெண்களுக்காக 2024 ஆகஸ்டில் ஒரு விடுதி திறந்தார்கள். 18,720 படுக்கைகள்! இத்தனை பேர் குளித்த தண்ணீர் எங்கே போகும், யோசித்தீர்களா?

இப்படிப்பட்ட வளாகங்களில் கழிவுநீரைச் சுத்தம் செய்வது பாக்டீரியா. அதற்குக் காற்று ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். நல்ல ஆபரேட்டர் மீட்டரைப் பார்க்குமுன் மூக்கால் சொல்லிவிடுவார். மண்வாசனை வந்தால் எல்லாம் நலம்; அழுகிய முட்டை நாற்றம் வந்தால் காற்று போதவில்லை.

சிக்கல் இங்கேதான். காற்று ஊதும் மோட்டார் கரன்ட்டைக் குடிக்கும். 'ராத்திரி நிறுத்திடுப்பா, பில் குறையும்' என்று மேலிருந்து ஒருவர் சொன்னால்? (அந்த விடுதியைச் சொல்லவில்லை, பொதுவாகக் கேட்கிறேன்.) காகிதத்தில் அது மின்சிக்கனம், பசுமை! பி.காம். படித்த என் கண்ணுக்கும் முதலில் படுவது மிச்சம்தான். ஆனால் அரைகுறைத் தண்ணீர் ஏரிக்குப் போகும். ஸ்ரீபெரும்புதூர் ஏரியின் உபரிநீர் வருவது செம்பரம்பாக்கத்துக்கு. அதாவது, சென்னையின் குடத்துக்கு.

'முடியாது சார்' என்று சொல்லத் தெரிவதும் தொழில்திறன்தானே? ஆனால் அவர் கான்ட்ராக்ட் ஆள். மறுத்தால் நாளைக்கு வேறொருவர் வருவார். வேலை போவது அவருக்கு, நல்ல தண்ணீர் நமக்கு. இது என்ன நியாயம்?

பயிற்சி கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள்: மோட்டாரை நிறுத்தும் உத்தரவு எழுத்தில் மட்டும்தான், போட்டவர் கையெழுத்தோடு.