மூடிய பாக்கெட்டில் வாங்குவது எதை?

 

பூதங்களும் மந்திரவாதிகளும் மின்னும் விளையாட்டு அட்டைகளைப் பிள்ளைகள் கட்டுக்கட்டாகச் சேர்க்கிறார்கள். ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற அமெரிக்கர் அமைத்த 'மேஜிக்: தி கேதரிங்' 1993-இல் இவ்வழக்கத்தைத் தொடங்கி வைத்தது. 1999 முதல் அதன் மூடிய பாக்கெட்டுகளில் பளபளக்கும் ஃபாயில் அட்டைகள் அரிதாகக் கலந்து வரலாயின. 1996-இல் ஜப்பானில் பிறந்த போகிமான் அட்டைகளும் இதே முறையில் விற்பனையாகின்றன.

"ஹஜ்ரத், இது கூடுமா?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். உருவப்படம் பற்றிய சட்டம் தனி. இங்கே வியாபாரத்தின் தன்மையை மட்டும் கவனிப்போம்.

நம் சங்கரன்கோவில் பூச்சந்தையில் பூவைப் பார்க்காமல் யாரும் விலை பேசுவதில்லை. இன்னதென்று தெளிவில்லாத வியாபாரத்தை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். ஃபிக்ஹு நூல்கள் இதைக் 'கரர்' என்கின்றன. நீரில் நீந்தும் மீனைப் பிடிக்குமுன் விற்பது இதற்கு உதாரணம்.

கடைக்காரர் ஒரு நியாயம் சொல்லுவார்: "லாட்டரியில் விழாவிட்டால் வெறுங்காகிதம், இதிலோ எந்தப் பாக்கெட்டைப் பிரித்தாலும் அட்டை நிச்சயம்." இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. சிறிதளவு தெரியாமையை மார்க்கம் பொறுத்துக்கொள்கிறது. மாதுளையை உடைத்துப் பார்த்தா வாங்குகிறோம்?

ஆனால், பாக்கெட்டைப் பிரித்த பிள்ளை அடுத்து என்ன செய்கிறான் என்று பாருங்கள். வந்த அட்டைகளை வைத்து விளையாடினால், காசுக்குப் பொருள் கிடைத்துவிட்டது. ஃபாயில் இல்லையென்று அத்தனையையும் வீசிவிட்டு அடுத்த பாக்கெட்டுக்குக் கை நீட்டினால், அவன் வாங்கியது அட்டையை அல்ல, அதிர்ஷ்டத்தை! மாதுளை வாங்கியவன் பழத்தை வீசுவதில்லையே.

2023-இல் மேஜிக் நிறுவனம் ஒரே ஒரு பிரதியாக அச்சிட்ட 'ஒன் ரிங்' என்ற ஃபாயில் அட்டையை ஏதோ ஒரு பாக்கெட்டில் வைத்து விற்றது. கனடாவில் ஒருவருக்குக் கிடைத்த அதை, பாடகர் போஸ்ட் மலோன் 20 லட்சம் டாலருக்குக் குறையாத விலைக்கு வாங்கினார். ஒருவர் பெற்றார்; அதையே எண்ணிப் பாக்கெட் பிரித்த மற்றவர்கள்? சூரா அல்மாயிதாவின் 90-ஆம் வசனம் மதுவோடு சேர்த்துத் தடுக்கும் சூதின் சாயல் இதில் இல்லையா? தமிழ்நாட்டில் 2003-இல் லாட்டரி தடை செய்யப்படுமுன் குடும்பங்கள் பட்ட பாட்டைப் பெரியவர்கள் அறிவார்கள்.

ஆகவே, விரும்பிய அட்டையைக் கண்ணால் பார்த்து, விலை தெரிந்து வாங்குவதில் இந்தச் சிக்கல் இல்லை. ஃபாயிலுக்காகவே பாக்கெட் பாக்கெட்டாகப் பிரிப்பதைத் தவிர்ப்பதே பேணுதல். பிள்ளையை அடித்துப் பிடுங்காதீர்கள். உட்கார வைத்துச் சொல்லுங்கள். பருவமடையாத அவன்மீது குற்றமில்லை. காசு கொடுக்கும் கைக்கே கேள்வி உண்டு.

பெரியவர்களே! குலுக்கல் பரிசுக்காக வேண்டாத துணியை எடுக்கும்போது நாமும் மூடிய பாக்கெட்டைத்தானே பிரிக்கிறோம்? நாம் விடாததைப் பிள்ளை எப்படி விடுவான்?

வல்ல அல்லாஹ் நம் சம்பாத்தியத்தையும் செலவையும் தூய்மையாக்கி வைப்பானாக! ஆமீன்.