ஆமை நினைக்கிற தீட்சை



சமய வகுப்பில் தீட்சை பற்றிக் கேட்டிருப்பீங்க. பறவை தொட்டுப் பொரிக்கும், மீன் பார்த்துப் பொரிக்கும், ஆமை கரையில் முட்டையிட்டுவிட்டுக் கடலில் இருந்தபடியே நினைத்துப் பொரிக்கும். குரு சீடனுக்கு அருளும் மூன்று வழிகளுக்கு நம் பெரியவங்க சொன்ன உவமை இது. எஞ்சினியரிங் படிக்கிற எனக்கு மூன்றாவது மட்டும் ஒட்டவே இல்லை. முட்டையைப் பொரிக்கிறது மணல் சூடுதானே? சூடு கூடினால் பெண் குஞ்சு, குறைந்தால் ஆண் குஞ்சு.

செமஸ்டர் லீவில் திரங்கானு, ரெடாங் தீவின் சாகார் ஹூத்தாங் கடற்கரைக்கு ஒரு வாரம் தொண்டு செய்யப் போனேன். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1993 முதல் அங்கே ஆமை முட்டைகளைக் காத்து வருகிறார்கள். ராத்திரி முழுக்க ரோந்து. வெளிச்சம் கூடாது, சத்தம் கூடாது, ஆமை முட்டையிடத் தொடங்கும்வரை கிட்டப் போகக்கூடாது.

இரண்டாம் இரவு, மணி பார்க்கக் கைப்பேசியை எடுத்தேன். திரை பளிச்சென்று எரிந்தது. பாதி மணல் ஏறியிருந்த பச்சை ஆமை நின்றது. அப்படியே திரும்பிக் கடலுக்குள் போயிடுச்சு. யாரும் என்னைத் திட்டல. திட்டியிருக்கலாம்.

இதே திரங்கானுவில் ரந்தாவ் அபாங் கரைக்கு 1950களில் பெலிம்பிங் ஆமைகள் ஆயிரக்கணக்கில் வந்தன. முட்டைகள் சந்தைக்குப் போயின. இன்று அங்கே அவை வருவதே அபூர்வம். எல்லா ஆமை முட்டை விற்பனைக்கும் மாநிலத்தில் முழுத்தடை வந்தது 2022இல்தான்.

மறுநாள் இரவு ஓர் ஆமை ஏறியது. நேற்று வந்ததேதானா, தெரியாது. அலை எட்டாத இடம்வரை ஊர்ந்து போய், பின்கால்களால் குழி தோண்டி, நூறு முட்டைக்கு மேல் இட்டது. மூடியபின் முன்கால்களால் மணலை வாரி வாரி இறைத்து, குழி எங்கே என்றே தெரியாமல் ஆக்கியது. அப்புறம் போய்விட்டது, குஞ்சுகளை அது பார்க்கவே போவதில்லை.

அங்கேதான் எனக்கு அந்த உவமை ஒட்டியது. நினைப்பது என்றால் கண் முன்னால் இல்லாத உயிருக்காக இப்போதே பார்த்துச் செய்வது. குருவும் நம் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க மாட்டார். முந்தின இரவு என்னிடம் இல்லாமல் போனதும் அந்த நினைப்புதான். அஸ்தி கரைக்கக் கடலுக்குப் போய், பிளாஸ்டிக் பையையும் சேர்த்து விட்டுட்டு வர்றோமே, அப்போதும் அது இல்லை.

முட்டை பொரிய இரண்டு மாதம் போல ஆகும். நான் ஹாஸ்டலுக்குத் திரும்பிவிட்டேன். இன்றைக்கு நாற்பத்து மூன்றாம் நாள். ராத்திரி மழை பெய்தால் அந்தக் குழி ஞாபகம் வந்துடுது.