காதைப் பாருங்கள்

தெருநாயைத் துரத்திப் பிடிக்க முடியாது. ஒருவர் பிஸ்கட்டோடு உட்கார, இருவர் சந்து வழியை மறித்து நிற்க, வலைக்காரர் கடைசியில்தான் வர வேண்டும். கூச்சல் கூடவே கூடாது. கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் முடிந்ததும், பிடித்த இடத்திலேயே விடச் சொல்கின்றன மத்திய அரசின் 2023ஆம் ஆண்டு விதிகள். காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் நாய்களிடம் ஆடுகளைப் பறிகொடுத்த விவசாயிக்கு இது கசக்கும். அவர் கோபம் நியாயம்தான். ஆனால் கொன்று பார்த்த காலமும் உண்டு, நாய் குறையவில்லை. சென்னையில் ப்ளூ கிராஸ் விலங்குநல அமைப்பு 1964இலேயே சொன்ன கருத்தடை வழிக்கு மாநகராட்சி 1996இல்தான் வந்தது.

திருப்பூரில் நைட் ஷிப்ட் முடிந்து நடக்கும் பனியன் தொழிலாளிக்கு ஓர் அடையாளம்: காதில் சிறு வெட்டு இருந்தால் கருத்தடை ஆன நாய். கடித்துவிட்டால் மட்டும் காதை ஆராயாமல், சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே ஊசிக்குப் போக வேண்டும்.